ஆறாவது படி எங்கே போயிற்று? எங்கள் கோயில் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் பங்கு அருட்பணிப் பேரவையின் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கும்,

உங்கள் முதல் கூட்டத்துக்கான பொருள்பட்டியலைக் கோயில் அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். குடும்பங்கள் கோயிலுக்குக் கட்டும் திருவிழா வரியை உயர்த்துதல், கொடிமரத்துக்கு வண்ணம், கானமேளாக் குழுவுக்கு முன்பணம், கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் என்று போகிறது. தெருக் குடும்பங்கள் கூடி விவிலியம் வாசிக்கும் சிறு குழுவான அன்பியம் என்ற சொல் அதில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது: ‘வரிப் பாக்கியை அன்பியப் பொறுப்பாளர்கள் மூலம் வசூலித்தல்’. அவ்வளவுதான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்பியக் கூட்டத்தில் வைத்து வரி வாங்குவதை நிறுத்துங்கள். வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்கு மின்கட்டணம் இருக்கிறது, உபதேசியாருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், மழைக்கு ஒழுகும் ஓட்டை மாற்ற வேண்டும். திருச்சபையின் தேவைகளுக்குக் கைகொடுப்பது விசுவாசிகளின் கடமை என்று திருச்சபைச் சட்டம் 222-உம் சொல்கிறது. கொடுக்கிறோம். ஆனால் வசூலுக்கு வேறு இடம் பாருங்கள், வேறு ஆள் பாருங்கள்.

இதைப் பேச நீ யார் என்று கேட்பீர்கள். மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். எங்கள் தெரு அன்பியத்தில் கொஞ்ச காலம் பொறுப்பாளராகவும் இருந்தேன். அந்த நீல அட்டை வரி நோட்டு என் கையிலும் இருந்தது. அது போக, 212-ஆவது சட்டத்தின் மூன்றாம் பிரிவு, திருச்சபையின் நன்மையைப் பற்றி மனதில் பட்டதை மேய்ப்பர்களிடம் சொல்வது விசுவாசிகளின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்கிறது. மரியாதையோடு சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. முயற்சி செய்கிறேன்.

பேரவையில் சிலர் அன்பியக் கூட்டத்துக்கு வந்து வெகுநாள் ஆகிறது. குற்றமாகச் சொல்லவில்லை, வேலை அப்படி. அதனால் அங்கே இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மாலை ஏழு மணி. ஏதாவது ஒரு வீட்டு முற்றம். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலிகள் ஐந்தாறு, மீதிப் பேருக்குப் பாய். ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து விவிலியம், பக்கத்தில் மெழுகுவர்த்தி, அது காற்றில் அணையாமலிருக்க ஒரு தேங்காய்ச் சிரட்டை. வந்திருப்பவர்களில் முக்கால்வாசி பெண்கள். ஆண்களில் வயதானவர்கள் இரண்டு மூன்று பேர், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர். கூட்டம் முடிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் கட்டன் சாயா தருவார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள், கூடவே ஏத்தங்காய் சிப்ஸும் வரும்.

கூட்டத்தை நடத்துவது ஏழு படி முறையில். தென்னாப்பிரிக்காவில் லும்கோ மறைப்பணி நிலையத்தில் உருவான முறை இது. ஆண்டவரை அழைக்கிறோம், நற்செய்தியை வாசிக்கிறோம், மனதைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவராக உரக்கச் சொல்கிறோம், அமைதியாக இருக்கிறோம், அப்புறம் பகிர்வு. ஆறாவது படி, நம் தெருவில் நாம் செய்ய வேண்டிய காரியம் என்ன, அதை யார், எப்போது செய்வது என்று பேசி முடிவெடுப்பது. ஏழாவதில் மன்றாட்டு. எங்கள் தெருவில் ஐந்தாவது படி முடியும்போது நோட்டு வெளியே வந்துவிடுகிறது. ஆறாவது படிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ நாளாகிறது.

ஒரு கூட்டத்தில் நல்ல சமாரியர் உவமை வாசித்தோம், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்துப் பணமும் கொடுத்துவிட்டுப் போன அயலானின் கதை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஒரு அக்கா, ‘திரும்பி வரும்போது தருவேன்னு சத்திரக்காரன்கிட்ட சொன்னான் பாருங்க, அந்த இடம் எனக்குப் பிடிச்சது. ஒரு தடவை உதவி செஞ்சுட்டுப் போயிடல, கணக்கைத் தொடர்ந்து வச்சான்’ என்றார். இத்தனை வருடம் மறையுரை கேட்கிறேன், அந்த வரியை யாரும் எனக்கு அப்படிக் காட்டியதில்லை. ஐந்து நிமிடம் கழித்து நோட்டு திறந்தது. ‘உங்க கணக்குல பாக்கி நிக்குதே, இந்த மாசமாவது...’ எல்லார் முன்னாலும்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் கூலி கிடையாது என்பது அந்த முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வசூலித்தவருக்கும் தெரியும். அவர் மேலே கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும், அவரை நான் குறை சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. கூட்ட நாளில் ஏழு மணிக்கு அவர் வீட்டு முன்விளக்கு அணைந்திருக்கும். அப்படி விளக்கணைக்கும் வீடுகள் எங்கள் தெருவில் இப்போது ஒன்றிரண்டு அல்ல.

கூட்டத்துக்கு ஆள் வரவில்லை, விசுவாசம் குறைந்துவிட்டது, எல்லாரும் தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறார்கள் என்று பேரவையில் வருடா வருடம் பேசுகிறார்கள். தொடரும் பார்க்கிறார்கள்தான். ஆனால் அந்த விளக்குகளின் கணக்கை நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பாதிக் காரணம் அங்கேயே தெரியும்.

அன்பியம் எதற்காக வந்தது என்று ஒரு வார்த்தை. முப்பது நாற்பது குடும்பங்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லி அறிந்து, வாசித்த வசனத்தைத் தெருவிலேயே செய்து பார்க்கட்டும் என்பதுதான் நினைப்பு. 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபை சிறு குழுமங்களின் ஒன்றிப்பாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். நம் குமரி மாவட்டத்துக்கு அது ரொம்பப் புதிய சங்கதியும் இல்லை. கோட்டாற்றில் நாம் திருவிழா கொண்டாடும் புனித பிரான்சிஸ் சவேரியார், 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் முத்துக்குளித்துறையில் தாம் வேலை செய்த விதத்தைச் சொல்கிறார். மணியடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்து பிள்ளைகளைச் சேர்த்துத் தமிழில் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் வீட்டில் பெற்றோருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளிகள் இருக்கும் வீட்டுக்கெல்லாம் தம்மால் போக முடியாதபோது அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். ஒற்றைக் குருவானவர், நீண்ட கடற்கரை. வீடுகளே வீடுகளைப் பார்த்துக்கொண்டதால் காரியம் நடந்தது.

எங்கள் தெருவில் ஆறாவது படி உண்மையில் நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கடற்கரைக்காரர்கள் இழந்தது கடலளவு, அதோடு எங்கள் கஷ்டத்தை ஒப்பிட மாட்டேன். ஆனால் உள்பகுதியிலும் ரப்பரும் வாழையும் சரிந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடாமல் தண்ணீர்த் தொட்டிகள் காய்ந்தன. அப்போது யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதவில்லை. எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பது அன்பியத்துக்குத் தெரிந்திருந்தது. இளைஞர்கள் ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, உந்துவண்டியில் வைத்து வீடு வீடாகத் தள்ளிக்கொண்டு போய்த் தொட்டி நிரப்பினார்கள். டீசலுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. இந்துக் குடும்பங்களும் நம் தெருவில் இருக்கின்றன, அவர்கள் தொட்டியும் நிரம்பியது. அப்போது நோட்டு ஏதோ ஒரு பீரோவில் கிடந்தது.

சரி, பணத்தையும் வசனத்தையும் ஒரே கையில் கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுகிறது. திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? பந்தி வேலைக்கென்று நல்ல பெயர் பெற்ற ஏழு பேரைத் தனியாக நியமித்துவிட்டு, தாங்கள் இறைவேண்டலிலும் வார்த்தைப் பணியிலும் நிலைத்திருந்தார்கள். வேலையைப் பிரித்தார்கள். நமக்கும் அந்த ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது 537-ஆவது சட்டம். அந்தக் குழு இருக்கும்போது மறைநூல் வாசிக்கும் பெண்ணின் கையில் ஏன் ரசீதுப் புத்தகம்?

ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசைப் பற்றிய மறையுரை வரி அறிவிப்புக்கு முந்தின ஞாயிறு தவறாமல் வருவதையும் கவனித்திருக்கிறேன். மாற்கு 12-இல் அதற்கு முந்தைய வசனம் கைம்பெண்களின் வீடுகளைப் பிடுங்கிக்கொள்ளும் மறைநூல் அறிஞரைப் பற்றியது. அதையும் சேர்த்து வாசித்தால் நன்றாக இருக்கும்.

பணத்தை மரியாதையோடு வாங்கத் தெரியாத பங்கு அல்ல நம்முடையது. நம் வின்சென்ட் தே பவுல் சபையைப் பாருங்கள். 1833-இல் பாரிசில் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரும் நண்பர்களும் தொடங்கிய சபை. ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் அவர்களுடைய வழி. இன்றும் அவர்களின் கூட்ட முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வரும். அதற்குப் பேரே இரகசியப் பை. ஒவ்வொருவரும் கையை மூடியபடி உள்ளே விட்டு எடுப்பார்கள். நூறு ரூபாய் போட்டவர் யார், சும்மா கையை விட்டு எடுத்தவர் யார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அந்தப் பையிலிருந்துதான் நம் பங்கில் மருந்து வாங்க வழியில்லாதவர்களுக்கு மாதாமாதம் பணம் போகிறது. அதே வளாகத்தில், பத்தடி தள்ளி, அறிவிப்புப் பலகையில் பாக்கிக்காரர்களின் பெயர்ப் பட்டியல் தொங்குகிறது. வின்சென்ட் தே பவுல் சபை இரகசியமாக உதவிய வீட்டின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்ததை நான் பார்த்தேன்.

அடுத்து, கொஞ்சம் கடினமான விஷயம். வரிப் பாக்கி தீர்ந்தால்தான் கல்யாண ஓலை (கோயிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிப்போம், அடக்கத்துக்கு முன் கணக்கை முடித்துவிட்டு வாருங்கள் என்ற பழக்கம் இங்கே எழுதப்படாத சட்டமாக இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க வேண்டும் என்பதற்காக ஒரு தாய் காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அடகுக்கடைக்குப் போனதை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு என்று சேர்த்து வைத்த நகை அல்ல, அன்றாடம் போட்டிருந்த கம்மல். அடக்கத்தின்போது நடப்பதைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. பிணம் வீட்டில் கிடக்கும், மகன் கோயில் அலுவலகத்தில் நிற்பான்.

ஏழ்மையின் காரணமாக எவருக்கும் திருமணம் போன்ற அருளடையாளங்களின் உதவி இல்லாமல் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 848-ஆவது சட்டம். யாருக்கெல்லாம் திருச்சபை அடக்கம் மறுக்கலாம் என்ற பட்டியல் 1184-இல் இருக்கிறது: விசுவாசத்தை வெளிப்படையாக மறுதலித்தவர், பிரிவினைக்காரர், விசுவாசத்துக்கு எதிரான காரணத்துக்காக உடலை எரிக்கச் சொன்னவர், பிறருக்கு இடறலாகும்படி வெளிப்படையாகப் பாவத்தில் வாழ்ந்தவர். மூன்று வருடம் திருவிழா வரி கட்டாதவர் அதில் இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் எழுதிய ஊக்கவுரையில் திருச்சபை சுங்கச்சாவடி அல்ல, எல்லாருக்கும் இடமுள்ள தந்தையின் இல்லம் என்றார். தந்தையே, இந்தப் பழக்கம் நீங்கள் வருவதற்கு முன்பே இருந்தது. உங்கள்மேல் பழி போடவில்லை. ஆனால் நீங்கள் ஒரு ஞாயிறு பீடத்தில் நின்று, இனி ஓலைக்கும் அடக்கத்துக்கும் வரி நோட்டைப் பார்க்க மாட்டோம் என்று சொன்னால் அது அன்றே முடிந்துவிடும். பேரவைத் தீர்மானம்கூடத் தேவையில்லை.

அன்பியத்தில் வாங்காவிட்டால் வரியே வராது என்று பொருளாளர் அண்ணன் சொல்வார். வரும். இரண்டு திருப்பலிக்கும் பிறகு கோயில் வாசலில் ஒரு மேசை போடுங்கள், நிதிக்குழுவில் இரண்டு பேர் உட்காரட்டும். உறையில் வைத்துக் கொடுப்பவர் கொடுக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இப்போதே கூகுள் பேயில் அனுப்பிவிட்டு நமக்குப் படம் அனுப்புகிறார்கள். முடியாதவர்கள் பங்குத்தந்தையிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வையுங்கள். அந்தப் பெயர் அவரோடு இருக்கட்டும். இதில் கொஞ்சம் குறையத்தான் செய்யும், மறுக்கவில்லை. அந்தக் குறையை ஈடுகட்டக் கானமேளா மேடையின் அகலத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். (கானமேளாவுக்கு நான் எதிரி அல்ல. பத்து நாள் திருவிழாவில் ஒரு இரவு பாட்டுக் கேட்கலாம். நான்கு இரவு எதற்கு என்பதுதான் கேள்வி. அன்பின் விருந்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள், ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.)

மனமுவந்து கொடுக்க வேண்டும் என்றால் இன்னொன்றும் வேண்டும். கணக்கு. மக்கள் கொடுத்த பணத்துக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று 1287-ஆவது சட்டம் சொல்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது 1267. 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணமும் வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல் என்று திரும்பத் திரும்பப் பேசுகிறது. நம் பங்கில் திருவிழா முடிந்து ஒரு ஞாயிறு ‘மொத்த வரவு, மொத்தச் செலவு, மீதி’ என்று மூன்று வரி வாசிக்கப்படுகிறது. ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரத்தால் அதுவும் போயிற்று. உபயதாரர்களின் பெயர்கள் மட்டும் தெளிவாகக் கேட்கும்! விளக்குக்கு எவ்வளவு, வாணவேடிக்கைக்கு எவ்வளவு, கல்வி உதவிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் அடித்து, இப்போது பாக்கிப் பட்டியல் தொங்கும் அதே இடத்தில் தொங்கவிடுங்கள்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. அன்பியப் பொறுப்பாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். பேரவை நிர்வாகிகள் பெரும்பாலும் ஆண்கள். வரி எவ்வளவு என்று முடிவு செய்வது ஓர் அறையில், அதைக் கேட்டு வீட்டுப் படியேறி ஏச்சு வாங்குவது வேறொருவர். கேட்கப் போன இடத்தில், ‘உங்க வீட்டுக்காரர் கட்டிட்டாரா?’ என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. தொகையை முடிவு செய்கிறவர்களே ஒரு மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கட்டும். அடுத்த கூட்டத்திலேயே இந்த முறை மாறிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நோட்டு போன பிறகு கூட்டத்தில் என்ன மிஞ்சும் என்று சிலர் கேட்கிறார்கள். வேலை நிறைய இருக்கிறது. படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள், குடியால் உடைந்துகொண்டிருக்கும் வீடுகள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாகக் கிடக்கும் பெற்றோர், வட மாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்து நம் தெரு முனையில் தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள். அந்தக் கொட்டகைக்காரர்களில் கத்தோலிக்கர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் நின்று மொழி புரியாமலே திருப்பலி கண்டு போகிறார்கள், அவர்கள் எந்த அன்பியம் என்று யாரும் கேட்டதில்லை. மரியாயின் சேனை என்ற பக்த சபையினர் இரண்டு இரண்டு பேராக வீடு சந்திக்கிறார்கள், பாவம், இருக்கும் சிலரும் வயதானவர்கள். பாலர் சபைப் பிள்ளைகளைக் குடில் போட்டிக்கும் ஆண்டுவிழா நடனத்துக்கும் மட்டும் கூப்பிடாமல், சவேரியார் செய்தது போல, படுத்திருக்கும் பாட்டியிடம் செபமாலையின் பத்து மணிகளைச் சொல்ல அனுப்பலாம். பாட்டிக்கும் பேச்சுத்துணை, பிள்ளைக்கும் செபம் மனப்பாடம்.

நம் மாவட்டத்து மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது மாவட்டமே கொண்டாடியது. குருவானவரும் அல்ல, துறவியும் அல்ல, பொதுநிலையினர். எல்லாச் சாதியாரோடும் ஒன்றாகப் பழகினார் என்பது அவர்மேல் இருந்த கோபங்களில் ஒன்று. நம் ஊரில் அவருக்கு வைத்த பதாகை போன வருடம் வரை கிழியாமல் நின்றது.

ஆகவே பேரவைக்கு என் வேண்டுதல் இதுதான். முதல் கூட்டத்தின் பொருள்பட்டியலில் இருக்கும் அந்த வரியை எடுத்துவிட்டு, வசூலை நிதிக்குழுவிடம் ஒப்படைத்துத் தீர்மானம் போடுங்கள். அன்பியங்களில் எடுக்கும் சிறு காணிக்கை அந்தந்தத் தெருவின் தேவைக்கே செலவாகட்டும். மாதக் கூட்டத்தில் வரவுசெலவுக்கு முன்னால், ஒவ்வோர் அன்பியமும் அந்த மாதம் ஆறாவது படியில் என்ன முடிவெடுத்தது, அதைச் செய்ததா என்று கேளுங்கள். ஒன்றும் செய்யவில்லை என்றால் அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். எங்கள் அன்பியப் பிரதிநிதி இதை முன்மொழியச் சம்மதித்திருக்கிறார். வழிமொழிய ஒருவர் வேண்டும். வேறு அன்பியத்திலிருந்து யாராவது முன்வந்தால் நல்லது, எங்கள் தெருவின் சொந்தப் புகார் என்று ஒதுக்கிவிட மாட்டார்கள்.

இறைவேண்டலுடன்,
உங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்